32-ஐ எப்போது கூட்ட வேண்டும்?

கத்திரி தொடங்கியதும் நம்மூர்ச் செய்தித்தாள்களில் வெயில் கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிடும். ‘சதம் அடித்தது வெயில்’, ‘பத்து ஊர்களில் நூறைத் தாண்டியது’ என்று தலைப்புகள் வரும். அதே நேரத்தில் கைபேசி அதே ஊருக்கு 39 என்றோ 40 என்றோ காட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே பொய்யில்லை. வானிலை ஆய்வு மையம் கணக்குச் சொல்வது செல்சியஸில். தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் அதை ஃபாரன்ஹீட்டாக்கிப் போடுகின்றன. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். அந்த இடத்தில் இயற்கையில் விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. நூறு என்ற எண்ணுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது, அவ்வளவுதான். செல்சியஸுக்கு மாறிவிட்டால் வெயில் ஒருநாளும் சதம் அடிக்க முடியாது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான வெயிலை இன்றும் பேசுகிறோமே, அதுவே 45 டிகிரிதான். 113 என்று சொன்னால்தான் கேட்கும்போதே வேர்க்கிறது.

தலைப்பு கிடக்கட்டும். சிக்கல் அதே செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ‘அடுத்த இரு நாள்களில் வெப்பநிலை படிப்படியாக 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும்’ என்று முடிப்பார்கள். மேலே ஃபாரன்ஹீட், கீழே செல்சியஸ். படிப்பவர் என்ன செய்வார்? இன்று நூறு, நாளன்றைக்கு நூற்றிரண்டோ நூற்றிமூன்றோ என்று மனதுக்குள் கூட்டிக்கொள்வார். உண்மையில் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 3.6 முதல் 5.4 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வு. நூறு, நூற்றைந்தரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பள்ளியில் படித்த சூத்திரம் நினைவிருக்கிறவர் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்வார்: இரண்டை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டு, 35.6. வெயில் ஒரே மூச்சில் 35 டிகிரி ஏறிவிட்டதாக விடை வரும்.

வெப்பநிலை மாற்றுக் கணக்கில் தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். ஒன்பதின் கீழ் ஐந்தை யாரும் அவ்வளவாகத் தப்பாகப் போடுவதில்லை. அந்த 32-தான் ஆளைக் கவிழ்க்கும். அதை எப்போது சேர்ப்பது, எப்போது சேர்க்கக் கூடாது என்பதைச் சூத்திரம் சொல்லித் தருவதில்லை.

அடியை மீட்டராக்கும்போது இந்தத் தொல்லை கிடையாது. பூஜ்யம் அடி என்பது பூஜ்யம் மீட்டர்தான்; நீளமே இல்லை என்றால் எந்த அளவுகோலிலும் இல்லை. ஆகவே ஒரு பெருக்கலோடு வேலை முடிந்துவிடும். வெப்பநிலையில் ஒவ்வொருவரும் தம் பூஜ்யத்தை வெவ்வேறு இடத்தில் நட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு ஒப்பிட வேண்டுமானால் நீளத்தைவிட ஆண்டுக் கணக்குதான் பொருந்தும்.

கிறிஸ்து ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. 1990-இல் பிறந்தவர் அந்தக் கணக்கில் 2021-இல் பிறந்தவர். 2025-இல், அதாவது திருவள்ளுவர் ஆண்டு 2056-இல், அவருக்கு வயது என்ன? எந்தக் கணக்கில் போட்டாலும் 35. வயதோடு 31-ஐச் சேர்த்து 66 என்று யாரும் சொல்லமாட்டோம். ஆண்டு என்பது ஓர் இடம். வயது என்பது இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம். தொடக்கம் எங்கே என்பது இடத்துக்குத்தான் வேண்டும், தூரத்துக்கு வேண்டாம். செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் உள்ள உறவு இதே மாதிரியானது. பூஜ்யம் மட்டும் 273.15 தள்ளியிருக்கிறது, ஒரு படியின் அளவு இரண்டிலும் ஒன்றே.

ஃபாரன்ஹீட்டுக்கு ஹிஜ்ரி ஆண்டை ஒப்பிடலாம். அதன் தொடக்கமும் வேறு, கி.பி. 622, ஆண்டின் நீளமும் வேறு, 354 அல்லது 355 நாள். அதனால் ஆண்டை மாற்றப் பெருக்கலும் வேண்டும், கூட்டலும் வேண்டும். வயதை மாற்றப் பெருக்கல் மட்டும் போதும்: ஹிஜ்ரி கணக்கில் 33 வயதானவர் நம் நாள்காட்டியில் ஏறத்தாழ 32. வெப்பநிலை ‘உயர்வு’, ‘வீழ்ச்சி’, ‘வித்தியாசம்’ என்று பேசும்போதெல்லாம் நாம் பேசுவது வயதைப் பற்றி. 1.8-ஆல் பெருக்கினால் முடிந்தது. 32-க்கு அங்கே வேலையில்லை.

இரண்டு வகையும் ஒரே வாக்கியத்தில் வருவது உண்டு. இந்திய வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறையை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் உள்ள நிலையம் ஒன்றில் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; அது இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாக இருந்தால் வெப்ப அலை, அதற்கும் மேலே போனால் கடுமையான வெப்ப அலை. இதை ஃபாரன்ஹீட்டில் எழுத முனைந்தால் 40-க்கு 32 உண்டு: 104. 4.5-க்கு 32 கிடையாது: 8.1. கடலோர நிலையங்களுக்கு 40-க்குப் பதில் 37 போதும். அது ஃபாரன்ஹீட்டில் 98.6. இந்த எண்ணை வேறெங்கோ பார்த்த நினைவு வரும். அந்தக் கதை பின்னால் வருகிறது. பாரிஸ் ஒப்பந்தத்தின் புகழ்பெற்ற 1.5 டிகிரியும் ஒரு வித்தியாசம்தான். அமெரிக்க வாசகருக்கு அது 2.7 டிகிரி. 34.7 என்று போட்டால் பூமி வெந்தே போயிருக்கும்.

சரி, இந்த 32 எங்கிருந்து முளைத்தது? கதை ஏழரையில் தொடங்குகிறது. நம்மூரில் ஏழரை என்றாலே சனிதான் நினைவுக்கு வரும். இங்கே அது பனிக்கட்டி.

கோபன்ஹேகனில் ஓலே ரோமர் என்றொரு வானியலாளர் இருந்தார். ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676-இல் வியாழனின் துணைக்கோளைப் பார்த்துக் கணித்தவர் அவர்தான். அவர் செய்த வெப்பமானியில் நீர் கொதிக்கும் இடம் 60, பனிக்கட்டி உருகும் இடம் ஏழரை, மனித உடலின் சூடு இருபத்திரண்டரை. 1708-இல் அவரைப் பார்க்க வந்தார் டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட். டான்சிக் நகரத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளை; 1701-இல் நச்சுக் காளான் தின்று தாயும் தந்தையும் இறந்துபோக, வணிகம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டவர். வணிகத்தில் மனம் ஒட்டவில்லை, கண்ணாடிக் குழாய்களில் ஒட்டியது.

ரோமரின் அளவு அவருக்குப் பிடித்திருந்தது. அதிலிருந்த அரைகள் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். பனிக்கட்டி 30, உடல் 90. பிறகு அதையும் கொஞ்சம் நகர்த்தி 32, 96 என்றாக்கினார். ஏன் இந்த எண்கள்? இரண்டுக்கும் நடுவில் 64 படிகள். 64-ஐப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு முறை வெட்டினால் ஒரு படி வந்துவிடும். கருவி செய்கிறவன் கையில் கவராயத்தை வைத்துக்கொண்டு குழாய்மேல் கோடு போட இதைவிடச் சுலபமான எண் கிடையாது. புத்தகத்தில் படிக்கும்போது கோணலாகத் தெரிகிற 32, பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் நேரான எண்.

1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் முறையை அவர் எழுதினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிர் பூஜ்யம். பனிக்கட்டியும் நீரும் மட்டும் கலந்தால் 32. நலமான மனிதரின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. நீர் கொதிக்கும் இடத்தை அவர் ஆதாரப் புள்ளியாக எடுத்துக்கொள்ளவேயில்லை. அவர் 1736-இல் இறந்த பிறகுதான் 32-யும் 212-யும் ஆணிகளாக அடிக்கப்பட்டு, நடுவில் 180 படிகள் என்று ஆனது. ஆணியை மாற்றி அடித்ததில் உடல்சூடு மெல்ல நழுவி 96-ஐ விட்டு 98-க்கு மேலே போய்விட்டது. மனிதர்களின் உடம்பு சூடாகிவிடவில்லை, கோடுகள்தான் நகர்ந்தன.

செல்சியஸின் கதையில் சுவாரசியம் ஒன்றே ஒன்று, அது தலைகீழாகப் பிறந்தது. சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்வைத்த அளவில் நீர் கொதிப்பது பூஜ்யம், உறைவது 100. குளிர் கூடக் கூட எண்ணும் கூடும். சுவீடனின் பனிக்காலத்தில் கழித்தல் குறியே போட வேண்டாம், அந்த வகையில் வசதிதான். இரண்டே ஆண்டில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. விரைவிலேயே அளவு நிமிர்த்தி வைக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் வரிசையில் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரும் சொல்லப்படுகிறது, பிரான்சின் லியோன் நகரத்துக் கிறிஸ்டின் பெயரும் சொல்லப்படுகிறது. நீண்ட காலம் ‘சென்டிகிரேடு’ என்றே அது வழங்கியது. 1948-இல்தான் அனைத்துலக அளவியல் மாநாடு அதிகாரபூர்வமாக ‘செல்சியஸ்’ என்று பெயரிட்டது. நம்மூரில் சென்டிகிரேடு இன்னும் ஓய்வு பெறவில்லை.

நீரின் கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதை செல்சியஸே சோதித்துக் காட்டியிருந்தார். ஊட்டியில் சுமார் 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். இன்னொரு வேடிக்கை: செல்சியஸ் அளவு இப்போது நீரை நம்பி நிற்கவில்லை. கெல்வினிலிருந்து வரையறுக்கப்படும் இன்றைய அளவின்படி, கடல்மட்ட அழுத்தத்தில் நீர் கொதிப்பது 100-இல் அல்ல, 99.97-இல்.

இனி அந்த 98.6. லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-இல் காய்ச்சல் பற்றிப் பெரும் நூலொன்றை வெளியிட்டார். சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து எடுத்த கணக்கு என்பார்கள். அவர் கண்ட இயல்பான உடல்சூடு 37 டிகிரி செல்சியஸ். உடல்சூடு ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் மாறும் என்பது அவருக்குத் தெரியும். 37 என்பது அதற்கேற்ற ஒரு முழு எண். அதைச் சூத்திரத்தில் போட்டால் 98.6 வருகிறது. கணக்குப்படி சரி. ஆனால் மாறும்போது ஒரு புள்ளியும் ஒரு பின்னமும் சும்மா வந்து ஒட்டிக்கொண்டன. ‘ஏறக்குறைய 37’ என்று சொன்னவரை யாரும் பிடித்து உலுக்கமாட்டார்கள், ‘98.6’ என்றதும் அதில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட நகர இடமில்லை என்ற தோற்றம் வந்துவிடுகிறது. 37 என்று முழு எண்ணில் சொன்னால் அதற்குள் 36.5 முதல் 37.5 வரை அடங்கும், ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. 1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 148 நலமான பேரை அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்றே வந்தது. ஆங்கிலேயர் வழியில் வந்த நம் பாதரச வெப்பமானிகளில் அம்புக்குறி 98.4-இல் இருக்கும். ‘நார்மல் 98.4’ என்று சொல்லும் பெரியவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் பிடித்த தெர்மாமீட்டர் அப்படி.

மாற்றும்போது துல்லியம் கூடிவிடக் கூடாது என்பதைச் சமையல் குறிப்புகளிலும் பார்க்கலாம். அமெரிக்கக் குறிப்பில் கேக்குக்கு 350 டிகிரி என்றிருக்கும். தமிழில் எழுதுகிறவர் 176.67 என்று போடுவார். வீட்டு அடுப்பில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எந்தத் திருகால் திருப்புவது? 175 அல்லது 180 போதும்.

எங்கள் வீட்டில் பழைய பாதரச வெப்பமானி உடைந்து, டிஜிட்டல் ஒன்று வந்தது. ஓர் இரவு தம்பிக்கு நெருப்பாய்ச் சுட்டது; கருவி 38.9 காட்டியது. “என்னடா முப்பத்தெட்டுங்குது, மெஷின் கெட்டுப்போச்சா?” என்றார் அம்மா. போனில் டாக்டரும் “எத்தனை இருக்கு?” என்று கேட்டது ஃபாரன்ஹீட்டைத்தான். தமிழ்நாட்டில் காய்ச்சல் நூற்றொன்று, நூற்றிரண்டு என்றுதான் ஏறும். அந்த இரவில் காகிதம் தேட நேரமில்லை; மனக்கணக்குதான் உதவியது.

அந்த மனக்கணக்கு இதுதான். செல்சியஸை இரட்டி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி, 32-ஐக் கூட்டு. 35-ஐ இரட்டித்தால் 70, ஏழு போனால் 63, 32 சேர்ந்தால் 95. தோராயம் இல்லை, துல்லியமான விடை. ஏனெனில் இரண்டில் பத்தில் ஒன்று போனால் மிஞ்சுவது 1.8. திரும்பி வர, 32-ஐக் கழி, பாதியாக்கு, அந்தப் பாதியில் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டு. 104-இல் 32 போக 72, பாதி 36, அதில் ஒன்பதில் ஒரு பங்கு நான்கு, ஆக 40. இதுவும் துல்லியமே. ஒன்பதால் வகுக்கச் சோம்பலாக இருந்தால் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். காய்ச்சலில் அரை டிகிரிக்குள் பிசகும், அவ்வளவுதான். தம்பியின் 38.9-ஐ இரட்டித்தால் 77.8, 7.8 போக 70. 32 சேர்த்தால் 102. அம்மா ஈரத்துணி எடுக்கப் போய்விட்டார்.

எனக்குப் பிடித்த வழி வேறொன்று. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று உண்டு: மைனஸ் 40. அங்கே நின்று பார்த்தால் இரண்டு அளவுகளுக்கும் தொடக்கம் ஒன்றாகிவிடும், அடி–மீட்டர் போல. ஆகவே எந்தப் பக்கம் மாற்றினாலும் முதலில் 40-ஐக் கூட்டு, கடைசியில் 40-ஐக் கழி. நடுவில் ஃபாரன்ஹீட் வேண்டுமானால் 1.8-ஆல் பெருக்கு, செல்சியஸ் வேண்டுமானால் 1.8-ஆல் வகு. 37-உடன் 40 சேர்ந்து 77, பெருக்கினால் 138.6, நாற்பது போனால் 98.6. 32-ஐ முதலில் கழிப்பதா கடைசியில் கூட்டுவதா என்ற பழைய குழப்பம் இதில் எழாது.

பூஜ்யத்தை ஆளாளுக்கு நட்டுவைத்ததன் இன்னொரு விளைவு, ‘இரண்டு மடங்கு சூடு’ என்ற பேச்சு செல்லாமல் போவது. காலையில் 20, மதியம் 40 டிகிரி செல்சியஸ்; வெயில் இரட்டித்துவிட்டதா? ஃபாரன்ஹீட்டில் அதே காலை 68, அதே மதியம் 104. இரட்டிப்பு எங்கே போயிற்று? மடங்கு பேச வேண்டுமானால் யாருடைய விருப்பத்துக்கும் உட்படாத ஒரு பூஜ்யம் வேண்டும். அதைத்தான் வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1848-இல் முன்வைத்தார். தனிச்சுழி என்று பாடநூல் சொல்லும் அந்த இடம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து எண்ணினால் காலை 293, மதியம் 313. கூடியது நூற்றுக்கு ஏழு. பிளஸ் டூ இயற்பியல் கணக்குகளில் வாயு எப்போதும் 27 டிகிரியிலேயே அடைபட்டிருப்பதன் ரகசியமும் இதுதான்: 273-ஐச் சேர்த்தால் முழுசாக 300 வரும். அந்தச் சேர்ப்பை மறந்து 27, 54 ஆகிவிட்டது, ஆகவே கன அளவும் இரட்டித்தது என்று எழுதிய விடைத்தாள்களுக்குக் கணக்கில்லை. சரியான விடை, நூறு லிட்டர் 109 லிட்டர் ஆகும் என்பதே.

கெல்வினில் ‘டிகிரி’ என்ற சொல்லைப் போடுவதில்லை. 1967-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2019 மே 20 முதல் அதன் வரையறை நீரையும் விட்டு விலகி, வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் நிலையான எண்ணான போல்ட்ஸ்மன் மாறிலியில் போய் நின்றது. வெப்பநிலை வித்தியாசத்தை அறிவியலாளர்கள் பெரும்பாலும் கெல்வினிலேயே எழுதுவார்கள். ‘2 கெல்வின் உயர்வு’ என்றால் அதை யாரும் வானிலையின் அளவாக எடுத்துக்கொண்டு 32-ஐத் தேடமாட்டார்கள்.

மற்ற வெப்பநிலை அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெல்வினின் பூஜ்யத்தில் ஃபாரன்ஹீட்டின் படிகளை வைத்தால் ரான்கின். அமெரிக்கப் பொறியாளர்களுக்கு வெளியே அதற்குப் புழக்கம் குறைவு. டெலிலின் அளவு, செல்சியஸ் முதலில் செய்ததைப் போலத் தலைகீழானது. கொதிப்பது பூஜ்யம், உறைவது 150. ரெயோமூர் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது: 1730-இல் பிரான்சில் பிறந்து ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் நெடுநாள் ஆண்டது. உறைவது பூஜ்யம், கொதிப்பது 80. செல்சியஸோடு பூஜ்யம் ஒன்றே என்பதால் நாலுக்கு ஐந்து என்ற பெருக்கலே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய எழுத்தைத் தமிழாக்குகிறவர் ‘இருபது டிகிரிக் குளிர்’ என்று வந்தால் சற்றே நிதானிக்கலாம்; அது ரெயோமூராக இருந்தால் மைனஸ் 25 செல்சியஸ்.

கெல்வினை ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டு எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்க்கலாம். வெள்ளை விளக்கென்றால் பெரும்பாலும் 6500 கெல்வின், மஞ்சள் சாயல் விளக்கென்றால் 2700 அல்லது 3000 என்றிருக்கும். ஒரு கரும்பொருளை அந்த வெப்பநிலைக்குக் காய்ச்சினால் எந்த நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம் என்று பொருள். சூரியனின் மேற்பரப்பே 5772 கெல்வின்தான். அதைவிடச் சூடான நிறத்துக்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயர் ‘கூல் டே லைட்’. பாதிச் சூட்டிலுள்ள மஞ்சளுக்குப் பெயர் ‘வார்ம் ஒயிட்’. இங்கே பாதி என்று சொல்லலாம், இது கெல்வின்.